என் பட்டை, அவன் கட்டை

அவனுடைய வில் உடையவே இல்லை என்பதுதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

கோவில்பட்டியில் கல்லூரியில் படித்த தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கும் என் வகுப்புத் தோழனான அவனுக்கும் வில்வித்தைப் பைத்தியம். ஐந்தடி வில்லைக் கண்டக்டர்கள் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அதனால் கழற்றி மாட்டும் வில் செய்தோம். நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, மேலும் கீழும் மூங்கில் பட்டைகள், பட்டைக்கு இரண்டு போல்ட். பைக்குள் அடங்கிவிடும்.

எங்கள் வீட்டுக்குத் தீப்பெட்டி ஆலை இருந்தது. அங்கே துளைபோடும் மிஷின், ஆசாரி, மர டிப்போவில் வாங்கிய தேக்கு எல்லாம் எனக்கு உண்டு. அவன் பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வருகிற, விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஊரில் வீணாய்க் கிடந்த செக்கின் வாகை மரத் துண்டை எடுத்து, கைத்துரப்பணத்தால் துளைத்திருந்தான். என் கட்டை இரண்டு முறையும் போல்ட் துளையிலேயே பிளந்தது. தேக்கு சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ஒருநாள் அவன் சாப்பிடப் போன நேரம், தீப்பெட்டி லேபிள் தாளைக் கவிழ்த்து அவன் கட்டைமேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். துளைகள் அப்படியே பதிந்தன. அந்த அளவில் வாகையிலேயே செய்த மூன்றாவது கட்டை பிளக்காமல் நின்றது. அவன் இடது கைக்காரன் என்பதால் பிடியை மட்டும் வலது கைக்கு மாற்றிச் செதுக்கினேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தூத்துக்குடியில் மாவட்டத் தேர்வு. மாநிலப் போட்டிக்கு ஒருவர்தான் போகலாம். நான் எய்து முடித்துவிட்டேன். அவனுக்கு மூன்று அம்பு பாக்கி, சும்மா எய்தாலே என்னை முந்திவிடுவான். அப்போது அவனுடைய மேல் பட்டை முறிந்தது. கட்டைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதை அவனுக்குக் கொடுக்கலாமா என்பதுபோல் நடுவர் என் வில்லைப் பார்த்தார். “அது எடக்கைக்கு ஆவாது சார்” என்றான் அவனே. என் பட்டை அவன் கட்டையில் பொருந்தும் என்பது அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மறுவாரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். புதுப் பட்டை செய்ய வேண்டும், என் பட்டையின் கனம் பார்க்கணும் என்று கேட்டான். கொடுக்காமல் இருக்க எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை. நீளம் பார்க்கத் தன் கட்டைமேல் வைத்தான். துளையோடு துளை சேர்ந்தது. போல்ட்டைப் போட்டான், இரண்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின.

நட்டுகளை மாட்டி முறுக்கினான்.

“அன்னைக்கு ஒனக்கு இது தெரியுமாலே?”

“தெரியும்.”

நட்டுகளைக் கழற்றினான். பட்டையைத் துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தான். “போட்டியில நட்ட நல்லா முறுக்கிக்கோ. மூணாவது ரவுண்டுல எளகும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனான்.

அவன் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் இடத்தில் நான் இருந்தால் அந்த நட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டேன்.