ஒழுகிய வால்வை மூடியவன்

1. ஜல்லித் தீவு

தேயிலைத் தொழிற்சாலையில் பைப் ஃபிட்டராக இருந்தவன், வடகனடாவின் உறைந்த கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டப் போனேன் என்றால் மலேசியாவில் எங்கள் ஊரான கோலா தெர்லாவில் இன்றும் சிலர் நம்புவதில்லை. முதலில் எங்கள் நாட்டிலேயே திரெங்கானு கடலில், எண்ணெய் தோண்டும் ரிக் மேடையில் வேலை. அங்கே என் கைவேலையைப் பார்த்தவர்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் வடக்கே கூட்டிப்போனார்கள். கடலுக்குள் ஜல்லியைக் கொட்டித் தீவு உண்டாக்கி, அதன்மேல் ரிக்கை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் பனிக்கட்டி. ஜனவரியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியன் தலைகாட்டாது.

நான் கேமரன் மலைக்காரன், எனக்குத் தெரியாத குளிரா என்று ஜம்பமாகப் போனேன். முதல் நாளே மீசை உறைந்துவிட்டது.

குளிரையாவது தாங்கலாம், பாக்கியத்தின் நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. பாக்கியம் என் மனைவி, எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். நான் திரெங்கானுவில் இருந்தபோது எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றே இறந்துபோனது. எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள்தான் அடக்கம் செய்தார்கள். இப்போது அவள் மறுபடி மாசமாக இருந்தாள். நான் கிளம்பும்போது சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ நீங்க பக்கத்துல இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

2. வெடித்த பைப்

ரிக் உறையாமலிருக்க பாய்லரிலிருந்து நீராவி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பாய்லருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப்பில் ஒரு சின்ன வால்வு எந்நேரமும் நூலாக ஒழுகும். நாங்களோ லயத்தில் பத்துக் குடும்பத்துக்கு ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்கள். பைப் ஒழுகினால் கங்காணி கத்துவார்: "தண்ணி என்ன ஒங்கப்பன் வீட்டு சொத்தாடா?" ஊருக்குக் கிளம்ப ஒரே நாள் இருந்தது. மனசெல்லாம் வீட்டில். போகிறபோக்கில் அந்த வால்வை இறுக்கி மூடிவிட்டேன்.

மறுநாள் காலை பைப் உறைந்து வெடித்திருந்தது. பாய்லர் தண்ணீர் இழுக்காத நேரத்திலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் உறையாது என்று வேண்டுமென்றேதான் ஒழுக விட்டிருக்கிறார்கள். பாய்லர் நின்றது, கிணற்று வேலையும் நின்றது. ரிக் மேனேஜர் பாய்லர்மேன் வால்ட்டரைப் பிடித்துக்கொண்டார். பென்ஷனுக்கு ஒரு வருடமே பாக்கியிருந்த மனிதர். "நான் மூடல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டியைக் கட்டு, இன்றைய பிளேனிலேயே கிளம்பு என்றுவிட்டார் மேனேஜர். நான் போகவேண்டியதும் அதே பிளேன்.

என்னோடு வந்திருந்த வெல்டர் அந்தோணி, எங்கள் மலையிலேயே தானா ராத்தா ஊர்க்காரன், அவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். "வாய மூடிக்கிட்டு பிளேன் ஏறு லா. பாக்கியத்துக்கு நாள் நெருங்குது. கெழவருக்கு வேற வேல கெடைக்கும்" என்றான்.

பெட்டியோடு வாசல்வரை போனேன். பக்கத்தில் வால்ட்டர் கையுறை போட முயன்றுகொண்டிருந்தார். இடதுகைக்கு உரியதை வலதுகையில் மாட்டப் பார்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பிப்போய், "சார், நான்தான் மூடுனேன்" என்றேன்.

மேனேஜர் வால்ட்டரைப் பெட்டியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்படின்னா பைப்ப நீயே மாத்து. மாத்திட்டுப் போ" என்றார்.

இரண்டு நாளில் மாற்றிவிட்டேன். ஆனால் பிளேன் போய்விட்டது. பிறகு பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அடுத்து இடம் கிடைக்க மூன்று வாரம். எஸ்டேட் ஆபீசுக்கு அடித்த தந்திக்குப் பதில் இல்லை. பிள்ளை பிறந்ததா, உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் பைத்தியக்காரன்போலத் திரிந்தேன்.

3. வீடு

பெண் குழந்தை, நல்ல சுகம். நான் போய்ச் சேர்ந்தபோது பிறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. நடந்ததையெல்லாம் பாக்கியத்திடம் சொன்னேன்.

"அந்தப் பெரியவருக்கு வேல போவலல்ல?"

"இல்ல."

"நல்லது. ஆனா ஆஸ்பத்திரியில நான் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். புது இடத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், கை வைக்குமுன் ஏன் அப்படி விட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வால்ட்டரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். உண்மையைச் சொன்னதற்காகப் பலர் என்னை மெச்சினார்கள். என் மகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் நான் நுழைந்திருக்கக் கூடாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.