பதினாறு இன்ச் போதும்

மரம் அறுக்கிற மெஷின் விற்பவனிடம் யாரும் மரத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை இன்ச் பிளேடு வாங்கினான் என்றுதான் கேட்பார்கள். திருவொற்றியூரில் ஒரு மெஷின் கடை கவுண்டரில் எட்டு வருஷமாக நிற்கிறேன். எந்தக் கடையிலாவது நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும்.

பொண்ணுக்கா, மாமாவுக்கா?

ராயபுரத்திலிருந்து ஸ்டெல்லா என்றொரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். புயலில் சாய்ந்த மரங்களை வாங்கித் துண்டு போட்டு, எம்.கே.பி. நகரில் விறகடுப்பு பிரியாணிக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். இதுவரை கோடாலிதான்; மெஷினைத் தொட்டதில்லை. கூடவே தாய்மாமன் ஆரோக்கியம். பெரம்பூரில் ரயில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் வாய்க்கு மட்டும் இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது.

மாமா கை நேராக இருபத்திரண்டு இன்ச் மெஷின்மேல் போனது. நான் அதை எடுத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். இடுப்பு உயரம் தூக்குவதற்குள் மணிக்கட்டு நடுங்கியது. பதினாறு இன்ச்சைக் கொடுத்தேன். தூக்கினாள், திருப்பினாள், தரையில் வைத்து மறுபடி எடுத்தாள். "நாள் பூரா புடிக்கணும் மாமா. இதான் கைக்கு அடங்குது" என்றாள். "அடுப்பு விறகுக்கு இதுவே தாராளம், முதல் மெஷின் லேசாக இருப்பதுதான் நல்லது" என்று நானும் சொன்னேன். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இத்த எடுத்துகினு தெருவுல போனா, தேங்கா துருவ போறியான்னு கேப்பான்" என்றார்.

இரண்டு இருமல்

பிடிவாதமாக ஸ்டெல்லா பதினாறையே எடுத்தாள். கூடவே ஷூ, கண்ணாடி, கையுறை எல்லாம் எடுத்து வைத்தேன். கடைசியாக, பிளேடைச் சுற்றி ஓடும் செயின் பட்டால் காலைக் காப்பாற்றுகிற தடித்த பேன்ட். மெஷின் நுனி கட்டையில் இடித்தால் எப்படித் துள்ளும், தொடையை என்ன செய்யும் என்று விளக்க ஆரம்பித்தேன். கல்லாவிலிருந்து முதலாளி இரண்டு முறை இருமினார். எங்கள் கடையில் அதற்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். மூடிக்கொண்டேன். பேன்ட் அலமாரிக்கே திரும்பிப் போனது.

அவர்கள் போனதும் முதலாளி கூப்பிட்டார். "பெரிசு கேட்டவனுக்கு சின்னத்த வித்த. போதாததுக்கு கால் போய்டும்னு மெரட்டுற. எது ஒத்துக்கும் ஒத்துக்காதுன்னு சொல்ல நீ இன்னா டாக்டரா?"

மெஷினுக்குள் லுங்கி

பத்து நாள் கழித்து ஸ்டெல்லா ஒரு சாக்குப் பையோடு வந்தாள். பைக்குள் மெஷின். மெஷினுக்குள் நீலக் கட்டம் போட்ட லுங்கி, ஏறக்குறைய முழுசாக.

நடந்ததை அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வீட்டில் கூடியிருக்கிறார்கள். "நவுரு, நான் காட்றேன்" என்று மாமா அவளிடமிருந்து மெஷினைப் பிடுங்கி, நுனியை நேராக வேப்பங்கட்டையில் குத்தியிருக்கிறார். மெஷின் துள்ளி, இறங்கும்போது அவர் லுங்கியைக் கவ்வியது. துணி உள்ளே சுற்றியதும் எஞ்சின் நின்றுவிட்டது. தொடையில் ஏழு தையல். இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால் பெரிய ரத்தக்குழாய் என்றாராம் டாக்டர்.

உட்கார்ந்து நூல் நூலாக உருவினேன். சில நூல்களில் ரத்தம் காய்ந்திருந்தது. சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் அன்றைக்கு ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லியிருக்கலாம். "நான் சொல்லிருக்கணும்மா" என்றேன். ஸ்டெல்லா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ சொன்னா மட்டும் கேட்டுட்டிருப்பாராண்ணா? பெட்ல படுத்துகினு, இருபத்திரண்டு இன்ச்சா இருந்தா துள்ளியிருக்காதுன்னு நர்ஸுக்கு பாடம் எடுக்கறாரு."

அந்தப் பேன்ட்டை அன்றே வாங்கிக்கொண்டு போனாள்.

நெட்டுக்குப்பத்துப் பெரியவர்

அடுத்த மாதம் நெட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் வந்தார். வெயிலில் கறுத்த தோள், அதற்கேற்ற மீசை. குப்பத்துச் சமையலுக்கு மகன் விறகு வெட்டப்போகிறான், முதல் மெஷின் வேண்டும் என்றார். நான் தொடையிலிருந்தே ஆரம்பித்தேன். முதலாளி இருமினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். துள்ளுவது, ஏழு தையல், லுங்கி, ஒன்றையும் விடவில்லை. முதலாளி தண்ணீரைத் தொடவில்லை. என்னையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை.

அப்போது ஸ்டெல்லா செயினைச் சாணை பிடிக்க வந்திருந்தாள். முழங்கையில் மரத்தூள். ஒரு கையில் மெஷினைத் தூக்கிக் கவுண்டரில் வைத்து, "இப்போ ஏழு கடைக்கு வெறகு போடறேண்ணா" என்றாள். பெரியவர் அவளையும் மெஷினையும் ரொம்ப நேரம் அளந்தார். பிறகு என் காதருகே குனிந்தார். "அந்த பொண்ணு வெச்சிகீற மாரியே ஒண்ணு குடு. ஆனா ஆம்பளைக்குன்னு சவுண்டு கொஞ்சம் ஜாஸ்தியா வர்றதா பாத்து குடு."

பெட்ரோலே இல்லாமல் மணிக்கணக்கில் அறுக்கக்கூடிய ஆட்களுக்குத்தான் நான் எட்டு வருஷமாக ரம்பம் விற்றுக்கொண்டிருக்கிறேன்.