அக்காவைக் கேட்கவும்

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் மேலாளர், எச்.ஆர். பெண், எங்கள் சப்போர்ட் குழுவில் நான்கு பேர். இல்லாதவர் அக்கா. வேளச்சேரியில் அவர் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்திருந்தது, லீவு சொல்லியிருந்தார். பேசப்பட்டதோ அவரைப் பற்றித்தான். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

எங்கள் கம்பெனி தி. நகரில் ஒரு துணிக்கடைக்குப் பின்னால், மாடியில் இருந்தது. மருந்துக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்போம். அது மக்கர் செய்தால் போனிலேயே சரிசெய்து கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. அக்கா எங்கள் டீம் லீட். எங்களுக்குத் தெரிந்ததை முதலில் செய்து பார்ப்போம். ஆகவில்லை என்றால் நாற்காலியைத் திருப்பி, "அக்கா!" என்போம். அவர் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கி, "என்ன கடை?" என்பார். கோளாறு என்ன என்று கேட்கவே மாட்டார். கடைப் பெயரைச் சொன்னதும், "அவங்க கம்ப்யூட்டர்ல தேதியே தப்பா இருக்கும், போன தடவையும் சொன்னேன். உங்க காதுல என்ன பஞ்சா?" என்று திட்டிக்கொண்டே வழி சொல்வார்.

அந்த வருடம்தான் நிர்வாகம் 'நாலெட்ஜ் பேஸ்' கொண்டுவந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு தீர்வையும் ஒரு கட்டுரையாக எழுதி ஏற்ற வேண்டும். பிறகு ஒரு சாட்பாட் அவற்றைப் படித்து, வாடிக்கையாளருக்குத் தானே பதில் சொல்லும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று சுவர் டிவியில் பச்சைப் பட்டைகள் வளரும். அதைப் பார்த்துத்தான் இன்சென்டிவ்.

எனக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா துணிக்கடைகளில் பண்டல் இறக்குகிறவர். ஒருமுறை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, எந்த ஊசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் கேட்டார். அது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் நினைவில்லாமல் கிடந்தார். எழுதிவைத்தது காப்பாற்றும் என்று அன்றைக்கு நம்ப ஆரம்பித்தேன். அதனால் மேற்கு மாம்பலத்து ஒற்றை அறையில் ஞாயிற்றுக்கிழமையும் எழுதினேன்.

"இன்னாடா நைனா, லீவு நாள்லகூட தட்டிக்கினே கீற?" என்றாள் அம்மா.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சத எழுதி வெக்கிறோம்மா."

"எழுதுனா சம்பளம் ஏத்துவானா?"

"ஏத்துவாங்க."

"அப்ப எழுது."

செய்கிறதை அப்படியே எழுதுங்கள் என்பதுதான் உத்தரவு. நாங்களும் அப்படியே எழுதினோம். இதை அழுத்தவும், அதை மூடித் திறக்கவும் என்று வரிசையாகப் போய், கடைசிப் படி எல்லோருடைய கட்டுரையிலும் ஒன்றாகவே இருந்தது: 'இதற்கும் சரியாகவில்லை என்றால் அக்காவைக் கேட்கவும்.' யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. வேலை அப்படித்தானே நடந்தது. அக்காவே ஒன்றைப் படித்துவிட்டு, "கரெக்டாத்தான் எழுதியிருக்கீங்க, தடிப்பசங்களா" என்று சிரித்தார். மேலாளர் கட்டுரைகளைப் படித்ததில்லை. பட்டையைத்தான் பார்ப்பார்.

கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "எல்லாம் சிஸ்டத்துல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு சார்" என்றான் என் பக்கத்து சீட்டு நண்பன்.

"குட். அப்போ இனிமே தனி ஆள நம்பி நாம இல்ல."

கீழே டீக்கடையில் நண்பன் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தான். "மச்சி, இன்னாத்துக்கு நம்மள கூப்ட்டு கேட்டாரு?"

"இன்கிரிமென்ட் விஷயமா இருக்கும்டா."

"அதுக்கு ஏன்டா எச்.ஆர். எழவு வீட்ல உக்காந்த மாரி உக்காந்துகினு இருந்துச்சு?"

திங்கட்கிழமை அக்கா வந்தார். சாப்பாட்டு வேளைக்குள் அவருடைய லாகின் மூடப்பட்டது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அதோடும் விடவில்லை. பெருங்குடியில் ஒரு கம்பெனி அவருக்கு உடனே வேலை தரத் தயாராக இருந்தது. எங்கள் கம்பெனி அவரை விடுவித்ததாகச் சொல்லும் ரிலீவிங் லெட்டர் மட்டும் கேட்டது. எங்கள் சிஸ்டத்தில் லெட்டர் வர வேண்டுமானால், 'அறிவு ஒப்படைப்பு முடிந்தது' என்று அவர் இடத்துக்கு வருகிறவர் டிக் செய்ய வேண்டும். அவர் இடத்துக்கு யாரும் வரப்போவதில்லை. அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

"தம்பி, அந்த டிக்க யாராவது போட்டாங்களா?" என்று அக்கா போன் செய்வார். நான் எச்.ஆரிடம் போய் நிற்பேன். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதே" என்பாள் அந்தப் பெண். அவள் முகமும் வாடித்தான் இருக்கும்.

மார்ச் முடிவு வந்தது. வருடக் கணக்கை மூடும்போது, அட்டையை வெட்டிச் சில்லறையாக விற்ற மாத்திரைகளின் இருப்பு சில கடைகளில் பூஜ்யமாகிவிடும். ஒவ்வொரு கடைக்கும் அதற்கு ஒவ்வொரு வழி. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பல கிளைகள் வைத்திருந்த எங்கள் பெரிய வாடிக்கையாளர் போனில் வந்தார்.

"ஏம்ப்பா, உங்க மிஷின் அக்காவைக் கேளுங்கோ, அக்காவைக் கேளுங்கோன்னு சொல்லிண்டே இருக்கு. எங்க அக்கா போய்ச் சேர்ந்தாச்சு. நான் எங்க போய்க் கேக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"பிரஷர் மாத்திரை அடுக்கி வெச்சிருக்கு. உங்க சாஃப்ட்வேர் இல்லேங்கறது. வயசானவா வெயில்ல நிக்கறா. நான் பில் போட முடியாம உக்காந்துண்டிருக்கேன்."

மேலாளர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "அக்காவுக்கு நீ போன் பண்ணு. உன் மேல அவங்களுக்குப் பாசம். ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது.

"என்ன கடை?" என்றார் அக்கா, பழக்கத்தில்.

சொன்னேன்.

"என் லெட்டர் என்னாச்சு தம்பி?"

வந்துவிடும் என்று சொல்லச் சொல்லி மேலாளர் கையை ஆட்டினார். எனக்கு அது வாயில் வரவில்லை. "சார் பக்கத்துலதான் இருக்காருக்கா" என்றேன்.

"அப்போ அவரையே கேளு."

போன் கட்டானது. அதன்பின் அவர் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே சிஸ்டத்தைத் தொடாமல், வெறும் லெட்டர்ஹெட்டில் அடித்து, மேலாளர் கையெழுத்துப் போட்டார். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வேளச்சேரி வீட்டுச் சுவரில் மழைநீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. அக்கா லெட்டரை ஒருமுறை படித்து மடித்தார். பெருங்குடி வேலைக்கு வேறு ஆள் எடுத்திருந்தார்கள்.

மயிலாப்பூர்க்காரர் எல்லாக் கிளைகளுக்கும் வேறு சாஃப்ட்வேர் வாங்கிக்கொண்டார். அதில் கம்பெனிக்கு ஆன நஷ்டம் பதினோரு லட்சம் என்று மேலாளர் எல்லோருக்கும் மெயில் போட்டார். அக்காவுக்கு ஆனதை யாரும் மெயிலில் போடவில்லை. பெருங்குடியில் தருவதாகச் சொன்னது நாற்பத்திரண்டாயிரம். இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் ரசீது போடுகிறார், பதினெட்டாயிரம். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கு ஆன நஷ்டம், மாதா மாதம், இருபத்து நாலாயிரம் ரூபாய்.