ஒரு பெயருக்கு எழுதிய கீரை

நான் வேலை செய்யும் சிகிச்சை நிலையத்தில் டாக்டர் கீரை எழுதிக்கொடுக்கிறார். முதன்முதலில் அந்தச் சீட்டைப் பார்த்தபோது மாத்திரையின் பெயரை எழுத மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. சீனி வருத்தக்காரர், அதாவது சர்க்கரை நோயாளி, அதை எதிர்த் தெருக் கடையில் நீட்டினால், காசு வாங்காமல் கீரை, முட்டைக்கோவா, கரட் என்று ஒரு பை நிறையக் கட்டிக் கொடுக்கிறார்கள். சீட்டில் நோயாளியின் பெயர் இருக்கும். இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அடியில் அச்சடித்திருக்கும். இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓயாத இந்த நகரத்துக்குத் தாதியாக வந்து சில வருடங்களாகிவிட்டன. இன்னும் அந்தச் சீட்டைக் கொடுக்கும்போது என் கை ஒரு கணம் தாமதிக்கிறது.

மார்கரெட் என்றொரு வயதான அம்மாள் தன் சீனி வருத்தத்துக்கு அந்தச் சீட்டை வாங்க மாதம் தவறாமல் வருவார். எந்த ஊர் என்று ஒருநாள் கேட்டார். இலங்கையில் பதுளைக்கு மேலே மடுல்சீமை என்றேன். விளங்கவில்லை. தேயிலை என்றதும் முகம் மலர்ந்தது. பைக்கற்றில் இருக்கும் மலைப்படம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு பச்சையான இடம்! உங்கள் ஆட்களுக்கு இந்தச் சீட்டெல்லாம் தேவைப்படாது."

"அந்தப் பச்சையைத் தின்ன முடியாது" என்றேன்.

பகிடி என்று நினைத்து என் கையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட எங்கள் தோட்டத்து லயத்தில் காலையிலும் ரொட்டி, மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி. கோதுமை மாவைத் தட்டிச் சுட்டு, சம்பலை வைத்துச் சுருட்டினால், கொழுந்துக் கூடையை இறக்காமல் நின்றபடியே தின்றுவிடலாம். சோறும் கறியும் உட்காரச் சொல்லும். அம்மா வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே சாப்பிட்டு என்னைப் படிக்கவைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சீனி வருத்தத்தால் அம்மாவின் குதிகாலில் ஆறாத புண் வந்தபோது, மாச் சாப்பாட்டைக் குறைத்து மரக்கறி நிறையச் சாப்பிடும்படி கிளினிக்கில் சொன்னார்களாம். அம்மா தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். சொன்னதில் பிழையில்லை. மரக்கறிதான் இல்லை.

அம்மாவுக்கு அந்தச் சீட்டை இங்கிருந்து நான் எழுதினேன். பதுளையில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனை நானா என்போம்; அவருடன் போனில் பேசி, வாரம் ஒரு பை மடுல்சீமை பஸ்ஸில் போக ஏற்பாடு செய்தேன். "உம்மாவுக்குத்தானே, மகள்? வாடாததாப் பாத்து நானே கட்டுறேன்" என்றார்.

சில வாரங்கள் கழித்து வீடியோவில் பேசும்போது, பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா இடையில் தலையை நீட்டினார்.

"பாப்பா, நீ அனுப்புன போஞ்சி அம்புட்டும் பிஞ்சுடி! எங்க வீட்டுல அதுக்குச் சண்டையே வந்துருச்சு."

நான் அம்மாவைப் பார்த்தேன். "நீ எவ்வளவும்மா சாப்பிட்ட?"

"ஒரு அகப்ப. போதாதா?"

"அது ஒனக்கு மருந்து. லயத்துக்கு இல்ல."

"செவுரு பாதி வரைக்குந்தான இருக்கு. பாகக்கா வதக்குனா அந்தக் கோடி வரைக்கும் வாசம் போகுது. கதவச் சாத்திக்கிட்டுத் தனியாத் திங்க நான் என்ன மசக்கக்காரியா?"

செல்வி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையைப் பெரிதாக்கும்படி நானாவிடம் சொன்னேன். கிண்ணங்கள் கீழ் லயம் வரை போயின. அம்மாவின் பங்கு அதே ஓர் அகப்பைதான். நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அம்மா செய்தது பிழை என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை.

மழைக்காலத்தில் புண் கறுத்தது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். லீவு வாங்கிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேர்ந்ததும் பாதையில் மண் சரிந்து, பஸ்ஸும் பையும் வராமல் நின்ற வாரம் அது. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் கிண்ணம் வந்தது. வல்லாரைச் சம்பல், முருங்கைக்கீரை, ஒன்றில் இரண்டே துண்டு பாகற்காய்.

"இப்பவாச்சும் தின்னு அத்த. இல்லாட்டி மூக்கப் புடிச்சு ஊட்டிவிட்டுருவேன்" என்றார் செல்வி அக்கா.

அம்மா எல்லாவற்றையும் தின்றார். கிண்ணங்களைக் கழுவி வைத்தேன். வந்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டில் போட்டனுப்ப எதுவும் இல்லை.

"அந்தச் சீனிப் போத்தல எடு பாப்பா" என்றார் அம்மா. கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி சீனி போட்டார். "எனக்குத்தான் ஆகாதே. போற எடத்துல இனிக்கட்டும்."

செல்வி அக்காவுக்கும் சீனி வருத்தம்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த பிறகு, என் அம்மாவின் காலைப் பற்றிக் கேள்விப்பட்ட மார்கரெட், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சூப் கொண்டுவந்தார். "சீட்டில் வாங்கிய காய்தான். டாக்டரிடம் சொல்லிவிடாதே" என்றார். அதை அறையில் தனியாக உட்கார்ந்து குடித்தேன். பெட்டியைக் கழுவித் துடைத்ததும் கை தானாகச் சீனிப் போத்தலுக்குப் போனது. மூடியைத் திறந்த பிறகுதான் யாருக்கு என்பது உறைத்தது.

மற்றக் காலும் மரத்துப் போவதாக நேற்று அம்மா சொன்னார். நானாவின் பை இன்னும் வாராவாரம் போகிறது. அதே ஓர் அகப்பைதான். மார்கரெட் பெட்டியை இரண்டு தடவை கேட்டுவிட்டார். அடுத்த தடவை கொண்டுவருகிறேன் என்கிறேன். மறதிக்காரி என்று நினைத்திருப்பார். பெட்டி என் சமையலறைத் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், வெறுமையாக இருக்கிறது.