செம்புக் கூரைக்குக் கீழே போட்ட ஷீட்

மக்களே, சுயம்பு அண்ணன் மேல் திருட்டுப் பழி விழுந்த சமயத்தில்தான் ஜிங்க், அதாவது துத்தநாகம், என்றால் என்னவென்று எனக்கு முழுதாகப் புரிந்தது. அதற்கு முன்பே நான் இரும்புக்கு ஜிங்க் பூசுகிற பிளான்ட்டில் வேலை பார்த்தவன்தான். பார்த்தது வேறு, புரிந்தது வேறு.

1. பழி

நம் மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நிறுத்தி மேலே ஷீட் போட்டிருக்கிறதே, அந்த வேலைக்கு ட்ரஸ் ஒர்க் என்று பெயர். மழை விடாத ஊர் என்பதால் திருவனந்தபுரத்தில் எங்கே பார்த்தாலும் இந்த வேலை உண்டு. எங்கள் செட்டுக்கு மேஸ்திரி சுயம்பு அண்ணன். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

அந்த ஊர் ஸ்ரீவராகத்தில் ஒரு சின்னக் கோயில். கருவறைக்கு மேலே செம்புத் தகடு வேய்ந்த கூரை. கும்பிட வருகிறவர்கள் நனையாமல் நிற்பதற்காக அதன் முன்னால் நாங்கள் ஒரு ஷெட் போட்டுக் கொடுத்தோம். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஷீட்டில் ஓட்டை விழுந்துவிட்டது.

கோயில் செக்ரட்டரி அக்ரஹாரத்துக்காரர். நல்ல மனிதர். ஆனால் கோபம் வந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

“ஏண்டாப்பா சுயம்பு, கோவில்லயே கை வெச்சுட்டியா? நல்ல ஷீட்டுன்னு சொல்லிட்டு ஏதோ மட்டமான தகரத்தைன்னா மேல ஏத்திருக்கே!”

“சாமி, சத்தியமா கம்பெனி ஷீட்டாக்கும் போட்டது.”

“அப்போ இந்தப் பொத்தல் எப்படி வந்துது? எலி கடிச்சுதா?”

வாசலில் பூ விற்கும் கோமதி அக்கா முதல் கும்பிட வந்தவர்கள் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் முதலாளி மலையாளி. அவர் கத்தவில்லை. அண்ணனிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“சுயம்பு, எனக்குக் காரணம் தெரியணும். ஷீட்டை மாத்தியது உள்ளதுதான்னா, இனி நீ சைட்டுக்கு வர வேண்டா, கேட்டோ.”

வெளியே வந்ததும் அண்ணன் பைக்கைக்கூட எடுக்காமல் நின்றார். “டே மணி, வேலை போனா வேற வேலை கெடைக்கும். கள்ளன்னு பேரு வந்தா நம்மள எவன்டே வீட்டுக்குள்ள விடுவான்?”

2. ஜிங்க் தொட்டி

கதை அங்கேயே நிற்கட்டும். ஜிங்கைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஜிங்க் பிளான்ட்டில் முதல் நாள் நான் பயந்துபோய் நின்றேன். பெரிய தொட்டி நிறைய உருகிய ஜிங்க். பார்ப்பதற்குப் பால் ஏடு படிந்தது போல அமைதியாக இருக்கும். இரும்பை ஆசிட்டில் முக்கித் துருவை எடுத்து, கழுவி, மருந்து நீரில் முக்கி, நன்றாகக் காயவைத்து, பிறகுதான் அந்தத் தொட்டியில் இறக்குவார்கள். எஞ்சினியர் லதா மேடம் என்னைக் கூப்பிட்டு முதலில் சொன்னது இதுதான்: “மணி, ஈரமான பைப்பை இதில எறக்கினா வெடிச்சுத் தெறிக்கும். நின்ட முகம் பின்ன உன் அம்மைக்கே அடையாளம் தெரியாது.”

அந்த மேடம்தான் எனக்கு இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். பெயின்ட் இரும்பை மூடி வைக்கும், அவ்வளவுதான். கீறல் விழுந்தால் அந்த வழியே துரு உள்ளே போய்விடும். ஜிங்க் அப்படி இல்லை. காற்றும் தண்ணீரும் இரும்பைத் தின்ன வரும்போது, பக்கத்தில் ஜிங்க் இருந்தால் முதலில் ஜிங்க்தான் கரையும். கீறல் விழுந்து இரும்பு கொஞ்சம் வெளியே தெரிந்தாலும், சுற்றியுள்ள ஜிங்க் தான் கரைந்து அந்த இடத்தைக் காப்பாற்றும். நாங்கள் போடும் ஷீட்டுக்கும் ஃபாக்டரியில் இதே ஜிங்க் பூச்சுதான்.

3. கூரை மேல்

அந்தக் கோயிலில் மத்தியானம் நடை அடைத்த பிறகுதான் எங்களை மேலே ஏற விடுவார்கள். அதுவும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மறுநாள் நாங்கள் இருவரும் ஏறினோம். ஷீட் கொதித்தது.

“என் முதுகுல பப்படம் பொரிக்கலாம்டே” என்றார் அண்ணன். அந்த நிலைமையிலும் அவருக்கு இந்தப் பேச்சு போகாது.

பார்த்தால் ஷீட் முழுவதும் துரு இல்லை. செம்புக் கூரையின் விளிம்புக்கு நேர் கீழே மட்டும் ஒரு பட்டை போலத் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. வேலை நடந்தபோது ஸ்பேனர் விழுந்து கீறிய இடத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தக் கீறலில்கூடச் சிவப்புத் துரு இல்லை.

“அண்ணே, ஜிங்க் நல்லாத்தான் வேலை செய்யுது. இது நல்ல ஷீட்டுதான்.”

“அது எனக்குத் தெரியாதா? நல்ல ஷீட்டுல ஓட்டை ஏன் வந்ததுன்னு சாமி கேப்பாரு. என்ன சொல்லுவே?”

கீழே இறங்கினோம். கோமதி அக்கா பூக்கூடையை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஓட்டை எங்கிட்டு இருக்கு அண்ணாச்சி?”

அண்ணன் கையைக் காட்டினார்.

“அட, மேக்கூரைத் தண்ணி மொத்தமும் கொட்டுற இடமுல்லா அது! நீங்க ஷெட்டு போடுறதுக்கு முந்தி, மழைக்கு அங்கன ஒதுங்குனா எங் கூடை மேலதான் கொட்டும். கூடையை மூடுற துணியைப் பாருங்க, பச்சை பச்சையாக் கறை. எத்தனை வெளுத்தாலும் போகல்ல.”

நாங்கள் ஏறுவது நடை அடைத்த பிறகு. மழை பெய்தால் ஏறுவதே இல்லை. அதனால் மேலே தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பக்தர்கள் தலையில் ஒரு சொட்டு விழக்கூடாது என்று செக்ரட்டரி சொன்னதால், ஷீட்டை அந்தச் செம்பு விளிம்புக்கு அடியில் தள்ளி வேறு போட்டிருந்தோம்.

பச்சைக் கறை என்றால் செம்பின் களிம்புதானே என்று தோன்றியதும் எனக்கு லதா மேடம் நினைவு வந்தது. அங்கே நின்றே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

“செம்பா? அய்யோ மணி!” என்றார் மேடம். “செம்பு மேல ஓடி வர்ற தண்ணியில கொஞ்சம் செம்பும் கரைஞ்சு வரும். அது ஜிங்க் மேல படிஞ்சா ஜிங்க் சீக்கிரம் தீர்ந்து போகும். பின்ன இரும்பைக் காக்க யாரு இருக்கா? ஷீட் மேல குற்றம் இல்ல. அந்தத் தண்ணியை அதில விழ விடாதே.”

இதை நான் முதலாளிக்கும் செக்ரட்டரிக்கும் சொன்னேன். செக்ரட்டரி உடனே நம்பவில்லை. மேடத்திடம் தானே பேசினார். பிறகு கோமதி அக்காவின் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

4. மழை

செம்பு விளிம்புக்கு அடியில், வழிகிற தண்ணீரை ஏந்திக்கொள்ள நீளமான பிளாஸ்டிக் பாத்தி வைத்தோம். அந்தத் தண்ணீர் ஷீட்டைத் தொடாமல் குழாய் வழியாக நேரே ஓடையில் போய் விழும். ஓட்டை விழுந்த வரிசையை மட்டும் கழற்றிவிட்டு, அதே கம்பெனி ஷீட்டைப் போட்டோம்.

அடுத்த பெருமழையில் தீபாராதனை நேரத்துக்கு நாங்களும் போய் நின்றோம். குழாயில் தண்ணீர் சத்தமாக இறங்கியது. ஷெட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. ஆரத்தி முடிந்ததும் செக்ரட்டரி எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கூப்பிட்டார். அன்று கத்தினாரே, அதே குரல்.

“சுயம்பு! அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இவா எல்லாரும் கேக்கட்டும்னுதான் சத்தமா சொல்றேன். எங்காத்து மாடிக்கும் நீயே ஷீட்டு போட்டுடணும்.”

“போடலாம் சாமி. உங்க மாடியில செம்பு எதுவும் இல்லியே?”

“ஒரு பழைய அண்டா கெடக்கு. அதையும் பார்த்து பயப்படறியா?”

கோமதி அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். முதலாளி அண்ணனின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மக்களே, நான் கற்றது இதுதான். ஒரு பொருள் கெட்டால் செய்தவன் கையைச் சந்தேகப்படுவது எளிது. அதற்கு முன் அது எந்த இடத்தில் கெட்டிருக்கிறது, எந்த இடத்தில் கெடவில்லை என்று ஏறிப் பாருங்கள். தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். இப்போது நான் எந்த வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும், டேப்பை விரிப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “மழை பெய்தா தண்ணி எங்கே இருந்து வருது?”