தொட்டானா, மிரட்டினானா?

சோப்பு விற்கிறவர் கையில் சோப்பு இருக்கும், காப்புறுதி விற்கிறவர் கையில் ஒரு தாளாவது இருக்கும், இன்னும் வராத சட்டத்தை வீடு வீடாக விற்கிறவளுக்கு வாய் மட்டும்தான் இருக்கும்.

மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு சின்ன மகளிர் அமைப்பில் எனக்குக் களப்பணி. பெண்கள் சம்பந்தப்பட்ட சட்டங்களில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அதை அடைக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய்ப் பேசுவேன். ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் என்னைச் 'சட்டக்கா' என்பார்கள். மற்ற ஊர்களில் 'அந்தப் பொம்பள வந்துட்டா' என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

நான் சொல்லப்போகும் காலத்தில் எங்கள் தலைவலி ஒரே ஒரு சட்டம். ஒருவன் ஒரு பெண்ணின் பின்னாலேயே மாதக்கணக்கில் சுற்றி அவளைக் கதிகலங்க வைக்கலாம். கை வைக்காதவரை, வாய்விட்டு மிரட்டாதவரை, அதைக் குற்றம் என்று தனியாகச் சொல்ல நாட்டுச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நாடு முழுக்கப் பல அமைப்புகள் கத்திக்கொண்டிருந்தன. எங்கள் பேராக் மாநிலத்தில் கத்தியவர்களில் நாங்களும் உண்டு. கதவைத் தட்டி, பல்லைக் காட்டி, "ரெண்டே நிமிஷந்தான்க்கா" என்று பொய் சொல்லிப் பிழைக்கும் அத்தனை பேருக்கும் என் பாடு புரியும்.

பெயரில் வந்த சிக்கல்

இந்தத் தொல்லைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாக்கிங்' என்று ஒரு சொல் இருக்கிறது. தமிழில் 'பின்தொடர்தல்' என்று அச்சடித்துக்கொண்டு புந்தோங்கில் ஒரு கோயில் சமையல்கட்டுக்குப் போனேன். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நல்லவர்கள். கத்தியைக் கீழே வைக்காமலே காது கொடுத்தார்கள். "பின்தொடர்தல் குற்றமாகணும்!" என்று முழங்கினேன். ஒரு அம்மாவின் முகம் வாடிவிட்டது. அவர் மகள் கைப்பேசியில் நடிகர், நடிகை, சமையல்காரர் என்று ஒரு பட்டாளத்தையே பின்தொடர்கிறாளாம். அவளையும் பிடித்துக்கொண்டு போவார்களா?

"இல்லம்மா, இது வேற. வேணாம்னு சொன்ன பெறகும் ஒரு ஆளு நீங்க போற எடமெல்லாம் விடாம பின்னாலயே வாரது" என்று விளக்கினேன். எல்லாரும் யோசித்தார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த பார்வதியக்கா கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் போற எடத்துக்கு எங்கயுமே வந்ததில்ல. அதுக்கு ஏதும் சட்டம் இருக்கா?"

கேள்வியே வராத கூட்டம்

பீடோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம், இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்த பிறகு ஜனங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பேச்சில் இன்னும் 'எங்க தோட்டம்'தான். அங்கே மண்டபத்தில் பெண்கள் பாதுகாப்புக் கூட்டம். முன்வரிசை முழுக்க ஆண்கள். பெண்கள் கடைசி வரிசையில், தப்பித்து ஓட வசதியாக வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கள்ல யாருக்காச்சும் இந்த மாதிரி தொல்லை வந்திருக்கா?" என்று கேட்டேன். கடைசி வரிசை தரையைப் பார்த்தது. முன்வரிசை ஒரே குரலில், "எங்க தோட்டத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாதுலா" என்றது. பெண்களுக்கு நடப்பது ஆண்களுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

தேநீர் முடிந்ததும் கோப்பை கழுவப் பெண்கள் பின்பக்கக் குழாயடிக்குப் போனார்கள். நானும் போனேன். அங்கேதான் கூட்டமே நடந்தது. ஒருத்தி தொழிற்சாலைப் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஒருவன் காத்திருக்கிறான். இன்னொருத்தி கைப்பேசி எண்ணை மாற்றி மாற்றி இப்போது கைப்பேசியே வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவது பெண் அழுதாள், மற்றவர்கள் தண்ணீரைச் சத்தமாகத் திறந்துவிட்டார்கள். கழுவிய கோப்பைகளையே திரும்பத் திரும்பக் கழுவினோம். நாங்கள் உள்ளே வந்தபோது கூட்டத் தலைவர் நன்றியுரையில் இருந்தார்.

"பெண்கள் யாரும் ஒரு கேள்விகூட கேக்காததுனால, அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லன்னு நமக்கு நல்லாத் தெரிஞ்சு போச்சு."

பூ வைத்துப் போகிறவன்

கவிதா ஈப்போவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவன், மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். இருமல் எப்போதோ போய்விட்டது, அவன் போகவில்லை. பிடித்திருக்கிறது என்றான். இவள் மரியாதையாக வேண்டாம் என்றாள். பிறகு மரியாதை இல்லாமலும் சொல்லிப் பார்த்தாள். அதற்குப் பிறகு பஸ் நிறுத்தம், கோயில், புந்தோங்கில் அவள் சித்தி வீட்டுச் சந்து என்று அவள் போன இடமெல்லாம் அவன் மோட்டார் நின்றது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மல்லிகைப் பூ. எங்கள் அலுவலகத்தில் அவனுக்கு 'இருமல்காரன்' என்று பெயர் வைத்தோம். சிரிப்பதற்குத்தான். கவிதா சிரிக்கவில்லை. சாப்பாடு குறைந்து, தூக்கம் குறைந்து, யாராவது பின்னால் செருமினால்கூடத் தூக்கிவாரிப் போடும் நிலைமையில் இருந்தாள்.

போலீசுக்குப் போனோம். அங்கிருந்த சார்ஜன் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொல்லி, மலாயில் பொறுமையாக விசாரித்தார். தொட்டானா? இல்லை. மிரட்டினானா? இல்லை. பின்னே என்னதான் செய்கிறான்? "பூ வச்சிட்டுப் போறான்" என்றாள் கவிதா. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. அவர்மேல் தப்பில்லை. அவர் கையிலிருந்த சட்டத்தில் பூவுக்கு இடமில்லை. தனக்கும் மகள் இருப்பதாகச் சொன்னார். அவன் ஏதாவது செய்தால் உடனே ஓடி வந்து சொல்லுங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். காரில் ஏறிய பிறகும் கவிதா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவன் ஏதாச்சும் செஞ்சிட்டா, நான் எப்படி ஓடியாந்து சொல்றது?"

பாய் போட்ட சட்டம்

மருந்துக்கடைக்கு எதிரே பாய் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. எங்கள் சுவரொட்டியை ஒட்டக் கேட்டதற்கு, "கடையில அரசியல் வேணாம் தங்கச்சி, கறி திரிஞ்சு போயிரும்" என்று அனுப்பிவிட்டவர். ஆனால் வேலை முடிந்து பஸ் வரும்வரை கவிதா அவர் கடையில்தான் உட்காருவாள். இருமல்காரனும் வருவான். நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு, அது பாலாடை கட்டி ஆறி அவலமாகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பாய் கவிதாவிடம் என்ன சேதி என்று கேட்டார். போலீஸ் நிலையத்தில் நடந்தது உட்பட அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பாய் "ஓஹோ" என்று மட்டும் சொன்னாராம்.

மறுநாள் நானும் அங்கே இருந்தேன். இருமல்காரன் உட்கார்ந்ததும் கடைப் பணியாளர் ஒருவர் அவன் நாற்காலிக்குப் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் பேசவில்லை. அவன் மேசை மாறினான், அவரும் மாறினார். கைகழுவப் போனான், இரண்டடி தள்ளி அவரும் போனார். வெளியே மோட்டாரைப் பார்க்கப் போனான், அவரும் போய் அவன் மோட்டாரையே பார்த்தார். கடையில் பாதிப் பேர் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அவன் பொறுக்க முடியாமல் கல்லாவுக்கு வந்து, "என்ன பாய் இது, இந்த ஆளு ஏன் என் பின்னாலயே வாராரு? மனுசன் நிம்மதியா ஒரு தண்ணி குடிக்க முடியலயே!" என்று கத்தினான். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒங்களத் தொட்டாரா? மெரட்டுனாரா? அப்பறம் என்ன தம்பி, ஒக்காந்து குடிங்க."

அதற்குப் பிறகு அவன் அந்தக் கடைக்குள் வரவில்லை. வெளியே, பஸ் நிறுத்தத்தில் நின்றான். பாயின் ஆட்சி கடை முன்னாலிருக்கும் ஐந்தடிப் பாதையோடு முடிந்துவிடுகிறது, என்ன செய்ய.

பாகான் செராய்க் காதல்

பாகான் செராயில் ஒரு இளைஞர் மன்றத்தில் பேசப் போனேன். மன்றச் செயலாளர் துடிப்பான மனிதர். நான் முடித்ததும் மைக்கை வாங்கிக்கொண்டார். "அக்கா சொல்றது சரிதான். ஆனா படத்துல எல்லாம் கதாநாயகன் ரெண்டு பாட்டுக்குப் பின்னாலயே போனாத்தானே பொண்ணு மனசு மாறுது? இதைக் குத்தம்னு சொல்லிட்டா நம்ம பசங்களுக்குக் கல்யாணம் எப்படி ஆகும்? என்னையே எடுத்துக்குங்க, நான் விடாம பின்னால போனதாலதானே எனக்குச் சம்சாரம் கெடைச்சிச்சு!" கைத்தட்டல்.

வந்தவர்களுக்குக் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தவர்தான் அந்தச் சம்சாரம். கரண்டியைத் தட்டில் வைத்தார். கோபமெல்லாம் இல்லை. கடைக்குப் போன கதையைச் சொல்வது மாதிரிதான் சொன்னார். செயலாளருக்கு மட்டும் அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் மனசு மாறி ஒத்துக்கலங்க. மூணு பஸ்ஸு மாத்தி ஏறிப் பாத்து, கால் வலிச்சுப் போயி ஒத்துக்கிட்டேன்."

சமையல் குழு

எங்களுக்குச் சட்ட ஆலோசகர் ராஜேஸ்வரி ஆன்ட்டி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிமன்றத்தில் இவர் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு தண்ணீர் கேட்கும் என்பார்கள். இவரும் நானும் கவிதாவும் ஒரு வைபியை, அதாவது நாடாளுமன்ற உறுப்பினரை, பார்க்க அவருடைய சேவை மையத்துக்குப் போனோம். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சியிலும் அவர் இருக்கிறார்.

வைபி முதலில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, முழு ஆதரவு என்றார். பிறகு, பெண்கள் பொய்ப் புகார் கொடுத்தால் என்ன செய்வது என்றார். "திருட்டுக்குந்தான் பொய்ப் புகார் வருது. அதுக்காகத் திருட்டைக் குத்தமில்லையெண்டு விட்டவையே?" என்றார் ஆன்ட்டி. வைபி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கவிதா இடையில் புகுந்து, "வைபி, நீங்க வெளிய போனா காவலுக்கு ரெண்டு பேரு பின்னால வாராங்க. என் பின்னாலயும் ஒருத்தன் வாரான். நான் பயந்து பயந்து போறேன்" என்றாள். அவர் கடிகாரத்தை விட்டுவிட்டு, அவளை முதல் தடவையாகப் பார்த்தார். நாடாளுமன்றத்தில் பேசுவதாகச் சொன்னார்.

மறுநாள் அவருடைய முகநூல் பக்கத்தில் எங்கள் படம் வந்தது. 'மகளிர் சமையல் குழுவினர் மரியாதை நிமித்தம் சந்தித்தனர்' என்று கீழே போட்டிருந்தது. நான் கொதித்துப்போய் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"விடு பிள்ளை. எனக்குச் சமைக்கத் தெரியுமெண்டு இவ்வளவு காலத்திலை எழுத்திலை தந்த ஒரே மனுசன் அவர்தான்."

மரகதம் திகைத்த கதை

ஒருவழியாகச் சட்டம் நிறைவேறியது. (அந்த வைபி பேசவும் செய்தார், நன்றாகவே பேசினார். சொல்லாவிட்டால் பாவம்.) அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுது, கேக் வெட்டினோம். கீழ்மாடியில் தையல்கடை வைத்திருக்கும் மரகதத்துக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்து, "இனிமே பொம்பளைங்க பின்னால சுத்திப் பயமுறுத்தினா குத்தம், மரகதம்!" என்றேன். வாயில் வைத்த கேக்கை மரகதம் விழுங்கவே இல்லை.

"அப்ப இத்தனை நாளும் அது குத்தமில்லியா? நான் எத்தனை பேரை 'உள்ள தள்ளிருவேன்'னு சொல்லி வெரட்டியிருக்கேன், அவனுங்களும் நம்பி ஓடினானுங்களேக்கா!"

நல்ல பையன்

சட்டம் அமலுக்கு வந்த பிறகும் இருமல்காரன் பழக்கத்தை விடவில்லை. கவிதா மறுபடி புகார் கொடுத்தாள். இந்தத் தடவை பேனா நிற்காமல் எழுதியது. அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் பக்கமே போகக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவும் கிடைத்தது. ஒரு மத்தியானம் அவனுடைய அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சண்டை பிடிக்கத்தான் வந்தார், ஆனால் படியேறி மூச்சு வாங்கியதில் சண்டை கரைந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"தங்கமான பையம்மா. குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, கண்ட எடத்துக்குப் போற பழக்கம் கெடையாது. அந்தப் பொண்ணு போற எடத்துக்கு மட்டுந்தான் போவான்."

தவறவிட்ட பஸ்

போன மாதம் கவிதா கைப்பேசியில் கூப்பிட்டாள். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். என்ன கவிதா, ஏதாச்சும் பிரச்சினையா, எங்கே இருக்கிறாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எத்தனையோ காலமாகப் பழகியும், அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"பஸ்ஸை விட்டுட்டேன்க்கா. நிறுத்தத்துல நின்னு சும்மா எதையோ யோசிச்சிக்கிட்டிருந்தேன், பஸ்ஸு வந்துட்டுப் போனதே தெரியல."

நாங்கள் கத்தியதால்தான் சட்டம் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் யாரும் கத்தாமல் இருந்த காலத்தில் அது தானாக எழுந்து வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.