ஆறாம் தளத்திலிருந்து ஒன்பதாம் தளத்துக்கு

போன வாரம் மும்பையிலிருந்து பார்சலில் நாலு அட்டைப் பெட்டிகள் வீடு வந்து சேர்ந்தன. சுற்றி ஒட்டிய டேப் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை. ஒரு மூலை மடங்கவில்லை. நான் கட்டிய பெட்டி அப்படித்தான் இருக்கும். நாற்பது வருடம் பனியன் ஏற்றுமதி செய்தவன் நான்.

என்ன... அந்தப் பெட்டிகள் போக வேண்டியிருந்த தூரம் வெறும் மூன்று மாடிதான்.

எனக்கு வயது எழுபத்து நாலு. மனைவி கமலாவுக்கு அறுபத்தெட்டு. காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்பவள். இருவரும் கப்பலில் ஒரு டூர் போகிறோம் என்றதும், எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் இப்போது கம்பெனியை நடத்தும் மகன் சிரித்தான்.

"தண்ணியில போகோணும், அவ்வளவுதானுங்கப்பா? ஊட்டியில பெடல் போட்டிங் இருக்குது. அம்மாவோட சுகருக்கும் நல்லது."

கோயில், ஆஸ்பத்திரி, பேரனின் பள்ளிக்கூட வாசல்... எழுபதுக்கு மேல் இந்த மூன்று இடம் போதும் என்று யார் முடிவு செய்தது? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே புக் செய்தேன். ஒன்றல்ல, இரண்டு டூர்.

மும்பையில் ஏறி கோவா போய்த் திரும்புவது முதல் டூர். அது என் ஆசை. திரும்பி வந்த அன்றே அதே கப்பல் லட்சத்தீவுக்குக் கிளம்பும். அது கமலாவுக்காக. அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் கண்ணாடி மாதிரி இருக்குமாமே, ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டு டூர் என்றால் இரண்டு புக்கிங். இரண்டு புக்கிங் என்றால் இரண்டு கேபின். கோவாவுக்கு ஆறாம் தளம். லட்சத்தீவுக்கு ஒன்பதாம் தளம். நடுவில் கப்பல் மும்பையில் நிற்கும் அந்த ஒரு பகலில் பழைய ஆட்கள் இறங்குவார்கள், புது ஆட்கள் ஏறுவார்கள். எங்களைப் போன்ற சிலர் மட்டும் இறங்காமல் அறை மாறிக்கொள்ள வேண்டும்.

எங்கள் அறையைக் கவனித்துக்கொண்டவர் செல்வின். தூத்துக்குடிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். முதல் நாளே வந்து விவரமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் கட்டி அடுக்க வேண்டாம். தொங்குத துணி தொங்குனபடியே இருக்கட்டும், ஹேங்கரோட மேல கொண்டு போயிருவோம். பெட்டியை மூடி ரூமுக்குள்ளயே வச்சிட்டுப் போங்க. வாசல்ல மட்டும் எதையும் வைக்காதிய."

"ஏனுங்க, அவரு சொல்றாப்பல உட்டுருங்க" என்றாள் கமலா.

விடுவேனா? துணி என்றால் மடிக்க வேண்டும், பெட்டியில் அடுக்க வேண்டும், டேப் ஒட்ட வேண்டும், மேலே மார்க் எழுத வேண்டும். அப்படித்தான் எங்கள் ஊரில் ஒரு பொருள் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும். ஹேங்கரில் தொங்கியபடி ஊர்வலம் போகிற சேலையை நான் எந்த ஷிப்மெண்டிலும் பார்த்ததில்லை. கப்பலில் இருந்த கடையில் கேட்டு நாலு காலி அட்டைப் பெட்டி வாங்கி வந்தேன். டேப் எப்போதும் என் பையில் இருக்கும்.

இறங்கும் நாள் காலை. கமலா இன்சுலின் போட்டுக்கொண்டதும் அந்த மருந்துப் பையை என்னிடம் தர மறுத்தாள்.

"மருந்த மட்டும் நான் வச்சுக்கறனுங்க."

"எல்லாம் ஒரே எடத்துல இருந்தாத்தான் தொலையாது அம்மிணி. குடு இங்க."

வாங்கி, ஐஸ் பையோடு மூன்றாம் பெட்டியில் வைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் அதில்தான். ரிசப்ஷனுக்குப் போய் ஒரு மார்க்கர் வாங்கி வந்தேன். நாலு பெட்டியையும் ஒட்டி, எங்கள் கம்பெனியின் பழைய மார்க்கைப் போட்டு, 1/4, 2/4 என்று எண் எழுதி, கீழே புது கேபின் நம்பரையும் எழுதினேன். செல்வின் வந்து தூக்க வசதியாக இருக்கட்டும் என்று வாசலில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். நான்கு பெட்டியும் ஒரு நூல் பிசகாமல் நின்றதைத் திரும்பி ஒரு முறை பார்த்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பகல் முழுக்க மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்குப் புது அறையின் சாவி அட்டை கிடைத்தது. திறந்தால்... கட்டில் இருந்தது, பால்கனி இருந்தது. பெட்டிகள் இல்லை.

செல்வினைக் கூப்பிட்டேன்.

"பெட்டியை எங்க வச்சிய, அண்ணாச்சி?"

"வாசல்லதாங்க. அழகா மார்க் போட்டு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாசல்ல வைக்கதெல்லாம் எறங்குதவங்க பெட்டில்லா. ஏழு மணிக்கே கரைக்குப் போயிருக்குமே."

போயிருந்தது. கரையில், பயணியின் அடையாளச் சீட்டு இல்லாமல், டேப் சுற்றிய நாலு அட்டைப் பெட்டிகள். உள்ளே ஐஸ் பை வேறு. பாதுகாப்பு ஆட்கள் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். விசாரித்து, ஸ்கேன் செய்து பார்த்துத் தருவதற்கு மறுநாள் ஆகும் என்று பதில் வந்தது. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. நாலு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். கடையில் போய் வாங்கி வரலாம் என்றால் சீட்டும் இல்லை, நேரமும் இல்லை.

கமலாவின் அடுத்த ஊசி இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால்.

செல்வின் எங்களைக் கப்பலின் டாக்டரிடம் அழைத்துப் போனார். வடநாட்டு அம்மாள், பொறுமையாகக் கேட்டார். கப்பலில் இருப்பது அவசரத்துக்கான மருந்து, தினமும் தர முடியாது. மருந்து இல்லையென்றால் இறங்கிவிடுவதுதான் நல்லது என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "இதைக் கைப்பையில் அல்லவா வைத்திருக்க வேண்டும்?"

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"என் மனைவி தெரியாமல் பெட்டியில் வைத்துவிட்டாள்."

யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வந்தது. நல்ல இங்கிலீஷில், இலக்கணம் தவறாமல் வந்தது. கமலாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. அந்தப் பார்வையை நான் முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

இருபது வருடத்துக்கும் மேலாகிறது. எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் முழுவதும் கமலாவின் பொறுப்பு. ஒரு நாள் இரண்டு டி-ஷர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். உடம்பு ஒரு நீலம், கை இன்னொரு நீலம். "இந்த லாட்ட நிறுத்துங்க" என்றாள். வெளியே கண்டெய்னர் காத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நீலத்தில் வித்தியாசம் தெரிந்தது. தெரிந்தே அனுப்பினேன்.

மொத்த லாட்டும் திரும்பி வந்தது. அன்று செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டு, முப்பது பெண்கள் கேட்க, நான் சொன்னது இதுதான்: "செக்கிங்ல கண்ண மூடீட்டு உக்காந்திருந்தா இப்படித்தான் ஆகும்."

கமலா இதே மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து கம்பெனிக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே. வீட்டு வேலை அதிகம் என்று மற்றவர்களிடம் நானே காரணம் சொன்னேன். எங்கள் மகன் இத்தனை வருடமும் அதைத்தான் நம்பியிருந்தான்.

டாக்டர் ஏதோ எழுதத் தொடங்கினார். அந்தத் தாளில் கையெழுத்தானால் நாங்கள் இறங்க வேண்டும். கண்ணாடி மாதிரிக் கடல் அவ்வளவுதான்.

"மேடம், எழுதாதீர்கள்" என்றேன். "நான் சொன்னது பொய். பெட்டியில் வைத்தது நான். அவள் வேண்டாம் என்றாள். கையிலிருந்து வாங்கி வைத்தேன்."

அதோடு நின்றிருக்கலாம். நிற்க முடியவில்லை. கமலாவின் பக்கம் திரும்பி, செல்வின் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், தமிழில் சொன்னேன்.

"அந்த நேவி ப்ளூ லாட்டும் நாந்தான் அம்மிணி. நீ நிறுத்தச் சொன்ன. தெரிஞ்சேதான் அனுப்புனேன். பழிய உம்மேல போட்டேன்."

செல்வின் சுவரில் இருந்த கடிகாரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

கமலா கைப்பையைத் திறந்தாள். இன்சுலின் பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் ஊசி டப்பா.

டாக்டர் அந்தப் பேனாவில் மிச்சமிருந்த மருந்தைப் பார்த்தார். லட்சத்தீவு போய் மும்பை திரும்பும்வரை தாராளமாக வரும் என்றார். எழுதிக்கொண்டிருந்த தாளைக் கிழித்தார்.

"எப்ப எடுத்த?" என்றேன்.

"நீங்க மார்க்கர் வாங்கறக்குப் போனீங்கள்ள, அப்பங்க."

"இத மொதல்லயே சொல்றக்கென்ன?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேனுங்க."

"அக்கா பயங்கரமான ஆளுல்லா" என்றார் செல்வின்.

பெட்டி போனதும் நான் அனுப்பியிருந்த மெசேஜைப் பார்த்து மகன் கூப்பிட்டான். இறங்குங்கள், ஃப்ளைட் போட்டுவிடுகிறேன் என்று கத்தினான். கமலா போனை வாங்கினாள். "கண்ணு, நாங்க எறங்குலீங்க சாமி. மருந்து இருக்குது. நீ கம்பெனியப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

போனோம். மாற்றுத் துணி இல்லாமல்தான் போனோம். தீவில் படகைவிட்டு இறங்கியதும் முழங்கால் அளவுத் தண்ணீரில் கமலா அதே சேலையோடு நின்றாள். கால் விரல் பத்தும் தெரிந்தன. பக்கத்தில் நான், கப்பல் கடையில் வாங்கிய டி-ஷர்ட்டில். அவள் என் கைப்பகுதியைப் பிடித்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயும் கை ஒரு ஷேடு, ஒடம்பு ஒரு ஷேடு. எந்த மகராசன் அனுப்புனானோ."

இருவரும் சிரித்தோம். மன்னித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லீட்டீங்க. செரி. அன்னைக்கு அங்க முப்பது பேரு நின்னாங்களுங்க."

ஊருக்கு வந்து எல்லாவற்றையும் மகனிடம் சொன்னேன். நான் பத்திரிகையில் எழுதும் பத்தியில் இதை எழுதப்போவதாகவும் சொன்னேன். அவன், குடும்ப விஷயத்தைப் பத்திரிகையில் எழுத வேண்டாம், கம்பெனி பேர் என்னாவது என்றான். இந்த வயதில் ஊர் சுற்றக் கூடாது என்றதையும் நான் கேட்கவில்லை. இதையும் கேட்பதாக இல்லை.

அன்று அந்த டேபிளைச் சுற்றி நின்றவர்களில் சிலர் இப்போது பல்லடத்திலும் அவிநாசியிலும் இருக்கிறார்கள். இந்தப் பத்தியைப் படிப்பதாகப் போனில் சொல்வார்கள். அவர்கள் படிப்பதற்காகவே இதை எழுதினேன்.

அந்த லாட்டை நிறுத்தச் சொன்னவள் கமலா. அனுப்பியவன் நான்.